நான்கு பவுண்டு லாபம்: இங்கிலாந்தின் சனிக்கிழமைக் குதிரைப் பந்தயங்களில் ஒருவரின் ஒரு சீசன்

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் வடக்கு இங்கிலாந்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். நாற்பதைத் தாண்டியவர். கார் காப்பீட்டுக்குப் பிரீமியம் நிர்ணயிக்கும் பிரிவில் இருக்கிறார். ஒரு விஷயம் நடக்க எவ்வளவு வாய்ப்பு, அதற்கு என்ன விலை வைக்கலாம் என்று கணக்குப் போடுவதுதான் அவர் பிழைப்பு. குதிரைப் பந்தயத்தில் அதே கணக்கு செல்லுமா என்று பார்க்க ஒரு சீசன் முழுவதும் பந்தயம் கட்டினார். ஒவ்வொரு பந்தயத்தையும் நோட்டில் எழுதினார்: கட்டிய நேரம், வாங்கிய விலை, ஓட்டம் தொடங்கியபோது இருந்த விலை, கட்டியதற்கு ஒரு வரிக் காரணம். அந்த நோட்டைப் படித்துப் பார்க்கத் தந்தார். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்.

பிரிட்டனில் குதிரைப் பந்தயம் இரண்டு வகை. வேலிகளைத் தாண்டி ஓடுவது ஒன்று, தடை ஏதும் இல்லாத 'பிளாட்' இன்னொன்று. கிண்டியிலும் பெங்களூரிலும் மைசூரிலும் நாம் பார்த்துப் பழகியது பிளாட்தான். அங்கே புல்தரை பிளாட் சீசன் வசந்தத்தில் டான்காஸ்டரில் நடக்கும் லிங்கன் ஹேண்டிகேப்போடு களைகட்டும், நவம்பரில் அதே டான்காஸ்டரில் முடியும். சனிக்கிழமைதான் பெரிய நாள். ஒரே பகலில் பல மைதானங்களில் பந்தயம் நடக்கும், முக்கியமானவை டிவியில் வரும். வாடிக்கையாளரைப் பிடிக்க புக்கிகள் (விலை வைத்துப் பந்தயப் பணம் வாங்குபவர்கள்) போட்டி போட்டுக்கொண்டு சலுகை தருவதும் அன்றைக்குத்தான்.

அவர் தேர்ந்தெடுத்தது ஹேண்டிகேப் பந்தயங்களை. ஒவ்வொரு குதிரைக்கும் அதிகாரபூர்வ ரேட்டிங் இருக்கும். ரேட்டிங் கூடக் கூட முதுகில் சுமக்கும் எடையும் கூடும். எல்லாக் குதிரைகளும் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதுதான் எடை போடுபவரின் கனவு. அது நடப்பதில்லை என்பதால்தான் பந்தயம் நடக்கிறது. குதிரைகள் அதிகம், வித்தியாசம் குறைவு, விலை வைப்பது கடினம். எனவே விலையில் தப்பு நேர வாய்ப்பு அதிகம் என்று நினைத்தார். காரணம் சரிதான். அவரும் அதே தப்பைச் செய்யக்கூடும் என்பது அந்தக் காரணத்தின் மறுபக்கம்.

தனிக் கணக்கில் 1,500 பவுண்டு போட்டார். அது தீர்ந்தால் நிறுத்திவிட வேண்டும், வீட்டுப் பணத்தில் கை வைக்கக்கூடாது. மனைவி போட்ட நிபந்தனை இது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிற ரகம்.

ஏப்ரல், மே: வந்த லாபம்

முதல் இரண்டு மாதம் எல்லோரும் செய்வதையே செய்தார். பத்திரிகை டிப்ஸ், குதிரையின் கடைசி மூன்று நான்கு ஓட்டம், ஜாக்கி யார், டிரெய்னர் யார். 41 பந்தயம், தலா 10 பவுண்டு. போட்டது 410, திரும்பி வந்தது 520. நூற்றுப் பத்து பவுண்டு லாபம்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் தொகையை இரட்டிப்பாக்குவார்கள். இவர் நோட்டைத் திறந்து வேறொரு கணக்குப் போட்டார். வந்த 520-ல் பாதி, அதாவது 260 பவுண்டு, இரண்டே குதிரைகள் தந்தது. ஒன்று 14/1 (ஜெயித்தால் போட்ட ஒரு பவுண்டுக்கு 14 பவுண்டு லாபம், போட்டதும் திரும்பும்), மற்றது 10/1. அவற்றை எடுத்துவிட்டால் 390 போட்டு 260 வந்திருக்கிறது.

அதைவிடக் கசப்பானது அடுத்த கணக்கு. பெட்ஃபேர் போன்ற எக்ஸ்சேஞ்சில் புக்கி கிடையாது, மக்களே ஒருவருக்கொருவர் எதிராகப் பந்தயம் கட்டுகிறார்கள். ஓட்டம் தொடங்கும் நொடியில் அங்கே நிற்கும் விலையில் லாயத்து ஆட்களின் பணம், கணினி வைத்துக் கட்டுபவர்களின் பணம், தொழில்முறைப் பந்தயக்காரர்களின் பணம் எல்லாம் கலந்திருக்கும். ஒரு குதிரையின் வாய்ப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கிற மதிப்பீடுகளில் அதைவிட நம்பகமானது வேறில்லை. காலையில் 8/1-க்கு வாங்கிய குதிரை மதியம் 11/1-ல் நின்றால், வாங்கியவர் அதிக விலை கொடுத்துவிட்டார் என்று பொருள். குதிரை ஜெயித்தாலும் இது மாறாது. அவருடைய 41 பந்தயத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தன.

ஆக, லாபம் வந்திருக்கிறது, ஆனால் வாங்கிய விலைகள் மோசம். இரண்டில் எதை நம்புவது? அவர் விலையை நம்பினார். இந்த ஆய்வை எழுதத் தோன்றியதே அந்த முடிவால்தான்.

மே கடைசி: சந்தையைப் பார்க்கும் முன் விலை எழுதுதல்

பந்தயத்தில் 'வேல்யூ' என்று சொல்வது இதைத்தான்: ஒரு குதிரை ஜெயிக்க உண்மையில் இருக்கிற வாய்ப்பைவிடக் குறைந்த வாய்ப்பைக் கணக்கில் வைத்து விலை போட்டிருந்தால், அந்த விலை வாங்கத் தக்கது. நல்ல குதிரையா என்பது வேறு கேள்வி. மோசமான குதிரைகூட 33/1-ல் மலிவாக இருக்கலாம்.

அவர் வெள்ளிக்கிழமை இரவு விலைகளைப் பார்க்காமல் பந்தய அட்டையை மட்டும் எடுத்து ஒவ்வொரு குதிரைக்கும் சதவீதம் எழுதினார். மொத்தம் 100 வர வேண்டும். பிறகுதான் புக்கியின் விலையைத் திறப்பார்.

நோட்டில் இருக்கும் ஒரு எட்டுக் குதிரைப் பந்தயத்தைப் பார்ப்போம். புக்கியின் விலைகள் 5/2, 7/2, 5/1, 6/1, 8/1, 10/1, 14/1, 20/1. இவற்றைச் சதவீதமாக்கிக் கூட்டினால் ஏறக்குறைய 113 வரும். 100-க்கு மேல் இருக்கும் அந்த 13-தான் புக்கியின் கூலி. 6/1 என்றால் ஏழில் ஒன்று, 14.3 சதவீதம். புக்கியின் கூலியைக் கழித்துவிட்டால் சந்தை அந்தக் குதிரைக்குத் தரும் உண்மையான வாய்ப்பு 12.6 சதவீதம். இவர் எழுதியிருந்தது 18.

18 சதவீதம் சரி என்றால் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் சராசரியாக 126 திரும்பி வர வேண்டும். சும்மா கிடைக்கிற பணம் மாதிரி இருக்கிறதே என்று அவருக்கே சந்தேகம் வந்தது. ஊரே 12.6 என்று சொல்லும்போது தான் மட்டும் 18 என்கிறோம், யார் தப்பு? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினார்: 15.3. அந்தக் கணக்கில் 100-க்கு 107. பாதியாக்கிய பிறகும் 105-க்கு மேல் நின்றால் கட்டுவது, இல்லாவிட்டால் விடுவது. சொந்தக் கணிப்போடு சந்தை விலையையும் கலப்பது அவர் கண்டுபிடித்தது அல்ல. ஹாங்காங் பந்தயத்தில் கணினிக் கணக்கு வைத்துப் பெரும் பணம் சம்பாதித்த பில் பென்டர், சந்தை விலையைக் கலக்காத மாதிரி தன்னையே ஏமாற்றும் என்பதை 1994-லேயே எழுதியிருக்கிறார்.

இன்னொரு முடிவு, மைதானங்களைக் குறைத்தது. யார்க், டான்காஸ்டர், ஹேடாக், தர்ஸ்க், பெவர்லி. நேரில் போய்ப் பார்க்கக்கூடிய இடங்கள். செஸ்டரும் பக்கம்தான், முதலில் பட்டியலில் இருந்தது. அங்கே சுற்றுப்பாதை ஏறக்குறைய ஒரு மைல்தான், வளைவு முடிவதே இல்லை. உள்பக்கக் கேட்டிலிருந்து கிளம்பும் குதிரைக்குக் குறுகிய தூரப் பந்தயங்களில் பெரிய சாதகம். அவர் மதிப்பெண் போடும்போது அந்தச் சாதகத்தைத் தாராளமாகச் சேர்த்தார். பந்தயக் கடை நடத்தி ஓய்வு பெற்ற ஒரு நண்பர் நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம்: "செஸ்டரில் முதல் கேட் நல்லது என்பது எங்கள் கடையில் டீ போட்ட பையனுக்கே தெரியும்." எல்லோருக்கும் தெரிந்தது விலையிலும் ஏறியிருக்கும். சில சமயம் தேவைக்கு மேலேயே ஏறியிருக்கும். செஸ்டர் பட்டியலிலிருந்து போனது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: சரியாகச் செய்து தோற்றது

58 பந்தயம், தலா 12 பவுண்டு. போட்டது 696, வந்தது 640. 56 பவுண்டு நஷ்டம்.

ஆனால் 58-ல் 37 முறை அவர் வாங்கிய விலை கடைசி எக்ஸ்சேஞ்ச் விலையைவிட நன்றாக இருந்தது. வசந்தத்தில் லாபத்தோடு மோசமான விலை, கோடையில் நஷ்டத்தோடு நல்ல விலை.

இந்த நஷ்டம் எவ்வளவு பெரிய விஷயம்? சராசரியாக 8/1 விலையில் 58 முறை கட்டினால், அவர் கணிப்புப்படி ஏழு குதிரை ஜெயிக்க வேண்டும். ஜெயித்தது ஆறு. இப்படிப்பட்ட எண்ணிக்கையில் இரண்டு மூன்று கூடுவதும் குறைவதும் வெறும் அதிர்ஷ்டத்தால் நடக்கும். நான்கு ஜெயித்திருந்தாலும் ஆச்சரியமில்லை, பத்து ஜெயித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ஒரு கோடைக்காலத்து லாப நஷ்டத்தை வைத்து முறை சரியா தப்பா என்று சொல்லவே முடியாது. அதற்குப் பல நூறு பந்தயம் வேண்டும். விலை ஒப்பீடு மட்டும் கொஞ்சம் சீக்கிரமாகவே ஏதோ சொல்லிவிடுகிறது.

எனவே முறையை மாற்றவில்லை. தொகையையும் ஏற்றவில்லை. நஷ்டத்தை ஈடுகட்ட மாலைப் பந்தயத்தில் கட்டத் தோன்றிய இரண்டு சனிக்கிழமைகளைப் பற்றி நோட்டில் குறிப்பு இருக்கிறது. இரண்டு நாளும் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போயிருக்கிறார்.

ஹேடாக் மழை

கோடைப் பந்தயங்களில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஹேடாக்கில் 16 குதிரை ஓடவிருந்த ஹேண்டிகேப். வெள்ளி மாலையே 14/1-க்கு ஈச்-வே கட்டினார். அதாவது பாதிப் பணம் குதிரை ஜெயிக்கும் என்று (வின்), மீதிப் பாதி முதல் சில இடங்களுக்குள் வரும் என்று (பிளேஸ்): வின்னுக்கு 6 பவுண்டு, பிளேஸுக்கு 6. பதினாறும் அதற்கு மேலும் ஓடும் ஹேண்டிகேப்பில் வழக்கமான விதிப்படி முதல் நான்கு இடத்துக்கு, வின் விலையில் கால் பங்கு கிடைக்கும். 12 முதல் 15 வரை என்றால் முதல் மூன்று இடத்துக்குத்தான்.

இரவு கொட்டித் தீர்த்த மழையில் தரை இளகிவிட்டது. அவர் குதிரை கெட்டித் தரையில் மட்டுமே நன்றாக ஓடியது. தரை மாறியதும் வேறொரு டிரெய்னர் தன் குதிரையை விலக்கிக்கொண்டார். 16 என்பது 15 ஆனது. நான்கு பிளேஸ் மூன்றானது. இவர் குதிரை, பிடிக்காத தரையிலும் எப்படியோ முட்டி மோதி, நான்காவதாக வந்தது. ஒரு காசு வரவில்லை.

பழைய விதி நின்றிருந்தால் 27 பவுண்டு கிடைத்திருக்கும். கேட்பவர்களுக்கு இது துரதிர்ஷ்டக் கதை. நோட்டில் அப்படி எழுதியில்லை. ஓட்டம் தொடங்கும்போது எக்ஸ்சேஞ்சில் (அங்கே விலையில் போட்ட பணமும் சேரும்) அந்தக் குதிரை 22-ல் நின்றது, இவர் கையில் இருந்தது 15-க்குச் சமமான விலை. "27 பவுண்டு வந்திருந்தால் இது நல்ல பந்தயம் என்று நினைத்திருப்பேன்" என்று கீழே ஒரு வரி. என் கணக்கில் நோட்டிலேயே உருப்படியான வரி அதுதான்.

அதன் பிறகு சனி காலை தரை நிலவரமும் விலகிய குதிரைகளின் பட்டியலும் வந்த பிறகே கட்டுவது என்று வைத்துக்கொண்டார். வெள்ளி இரவில் தப்பாக வைக்கப்படும் விலைகள் விடிவதற்குள் திருத்தப்பட்டுவிடும். அந்தச் சில நல்ல விலைகளை இழப்பது தெரிந்தே எடுத்த முடிவு.

ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்: கூடுதல் பிளேஸ்

யார்க்கில் ஆகஸ்டில் ஈபோர், செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் ஏர் மைதானத்தில் கோல்ட் கப். கூட்டமாக ஓடும் சனிக்கிழமை ஹேண்டிகேப்கள் இவை. ஏர் கோல்ட் கப் ஆறு ஃபர்லாங் நேர்ப்பாதையில் 25 குதிரை வரை ஓடும் பந்தயம். பாதையின் இரு ஓரங்களிலும் இரண்டு கும்பலாகப் பிரிந்துகூட ஓடும், எந்தக் கும்பலில் வேகம் அதிகமோ அங்கே இருந்தவர்களுக்கு யோகம். வெற்றியாளரைக் கணிப்பது குதிரைக் கொம்புதான்.

ஆனால் இந்தப் பந்தயங்களில் புக்கிகள் நான்கு பிளேஸுக்குப் பதில் ஆறு, ஏழு பிளேஸுக்குப் பணம் தருவார்கள். அதற்குப் பதிலாகக் கால் பங்கை ஐந்தில் ஒரு பங்காகக் குறைப்பார்கள். இதில் யாருக்கு லாபம் என்று அவர் போட்ட கணக்கு:

16/1 குதிரை. ஜெயிக்க 5.5 சதவீத வாய்ப்பு. வின் பகுதியில் 100-க்கு 93.5 வரும், நஷ்டம். வழக்கமான நான்கு பிளேஸில் வரும் வாய்ப்பு 19 சதவீதம், கால் பங்கு விலையில் 100-க்கு 95. அதுவும் நஷ்டம். ஆறு பிளேஸ் என்றால் வாய்ப்பு 28 சதவீதம் ஆகிறது. ஐந்தில் ஒரு பங்கு விலை, போட்டதையும் சேர்த்து 4.2 மடங்கு. 100-க்கு 117.6. வின்னையும் பிளேஸையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 105.5.

அதாவது குதிரையைப் பற்றி ஊரைவிட அதிகம் தெரிந்திருக்கத் தேவையே இல்லை. புக்கி விளம்பரத்துக்காகத் தரும் சலுகையில் வேல்யூ இருக்கிறது. வாராவாரம் இரவு உட்கார்ந்து சதவீதம் எழுதியவருக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்ததாம். இந்தக் காலத்தில் 22 ஈச்-வே, தலா 10 பவுண்டு. போட்டது 220, வந்தது 301. லாபம் 81.

கணக்கு முடக்கம்

செப்டம்பர் முடிவதற்குள் ஒரு புக்கி அவரை 1.80 பவுண்டுக்கு மேல் கட்ட விடவில்லை. இன்னொருவர் சலுகைகளை நிறுத்திவிட்டதாக மின்னஞ்சல் அனுப்பினார். மூன்றாமவர் சொல்லவே இல்லை, தொகையைப் போட்டால் பாதியைத் திருப்பி அனுப்பினார். அந்த நேரத்தில் மூன்று இடத்திலும் சேர்த்து அவர் சம்பாதித்தது ஒரு நல்ல சப்பாத்து வாங்கும் அளவுக்குக்கூட இல்லை. புக்கிகள் லாபத்தை மட்டும் பார்த்துக் கட்டுப்படுத்துவதில்லை. கடைசி விலையைவிட நல்ல விலை வாங்குகிறாரா, சலுகை உள்ள பந்தயத்தில் மட்டும் வருகிறாரா என்று பார்க்கிறார்கள். இவர் தன்னைச் சோதிக்க வைத்திருந்த அதே அளவுகோல் அவர்களிடமும் இருந்தது. பிரிட்டனில் இப்படிக் கட்டுப்படுத்துவதைச் சட்டம் தடுக்கவில்லை.

மைத்துனர் பெயரில் கணக்குத் திறக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. மறுத்துவிட்டார். பிறர் பெயரில் கட்டுவது விதிமீறல், ஜெயித்த பணத்தை நிறுத்திவைக்க அதுவே காரணமாகிவிடும். எக்ஸ்சேஞ்சில் ஜெயிப்பவரை யாரும் விரட்டுவதில்லை, ஆனால் ஜெயித்த பணத்தில் கமிஷன் உண்டு, புக்கிகள் தரும் அந்தச் சலுகைகளும் இல்லை. அங்கேயும், யார்க் மைதானத்தில் நேரில் நின்று ரொக்கமாகவும், அக்டோபரில் தலா 10 பவுண்டில் 14 பந்தயம் கட்டினார். போட்டது 140, வந்தது 119. நியூமார்க்கெட்டில் இரண்டேகால் மைல் ஓடும் சீசர்விச்சை மட்டும் தொடவில்லை. தடை தாண்டும் குதிரைகளை வளர்க்கும் டிரெய்னர்கள் அதற்கென்றே குதிரை கொண்டுவருவார்கள், அவற்றின் பிளாட் ரேட்டிங் முழுத் திறனைக் காட்டாது. விலை வைக்கத் தெரியாத பந்தயத்தை விட்டது நல்லதே.

சீசன் முடிவில்

மொத்தம் போட்டது 1,466 பவுண்டு. லாபம் 114. கேட்க நன்றாக இருக்கிறது. அதில் 110 பவுண்டு முறை ஏதும் இல்லாத ஏப்ரல், மே மாதங்களில் வந்தது. முறை வகுத்த பிறகு 1,056 போட்டதில் வந்தது நான்கு பவுண்டு. மைதான நுழைவுச்சீட்டும் பெட்ரோலும் இதில் சேரவில்லை.

2001-க்கு முன்பு பிரிட்டன் பந்தயக் கடைகளில் 9 சதவீதம் வரி பிடிப்பார்கள். அது இன்றும் இருந்திருந்தால் அதே 1,056-ல் 90 பவுண்டுக்கு மேல் நஷ்டம். ஐந்து ஆறு சதவீத சாதகத்தை வைத்து ஆடும் ஆட்டத்தில் வரி, கமிஷன், புக்கியின் கூலி எல்லாம் குதிரையைவிடப் பெரிய விஷயங்கள். இங்கே டிப்ஸ் விற்பவர்கள் யாரும் இந்தப் பேச்சை எடுப்பதில்லை.

நோட்டில் இன்னொரு சோதனையும் இருக்கிறது. 15 சதவீதமும் அதற்கு மேலும் வாய்ப்பு என்று அவரே எழுதிய 31 குதிரைகளில் ஐந்தாறு ஜெயித்திருக்க வேண்டும். ஜெயித்தது நான்கு. இதை வைத்து அவர் தனக்கு அதீத நம்பிக்கை என்கிறார். 31 குதிரைகளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. ஆனால் கணிப்பைப் பாதியாக்கும் பழக்கத்தை விடாமல் இருக்க அந்த நம்பிக்கை உதவுமானால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த சீசனில் மாறுபவை

கட்டும் பணத்தை 1,500-லிருந்து 600 ஆகக் குறைக்கிறார். கட்டாத பந்தயங்களுக்கும் சதவீதம் எழுதுவார். பணம் போடாமலே கணிப்பைச் சோதிக்கலாம், எண்ணிக்கையும் சீக்கிரம் ஏறும். இதை முதல் நாளிலிருந்தே செய்திருந்தால் வசந்தத்தின் 41 பந்தயத்துக்கு அவசியமே இருந்திருக்காது. ஆனால் பணம் போடாத கணிப்பில் கவனம் தளரும் என்கிறார் கடை நடத்திய நண்பர். இருவருக்கும் இதில் இன்னும் உடன்பாடு இல்லை.

ஈச்-வே கட்டினால் விலகல் பட்டியல் வந்த பிறகுதான். சரியாக 16 குதிரை நிற்கும் பந்தயத்தில் பிளேஸை நம்பிக் கட்டுவதில்லை. ஒன்று விலகினால் கதை முடிந்தது. முடக்கப்படாத இரண்டு புக்கிக் கணக்குகள் மிச்சம் இருக்கின்றன. அவற்றை ஈபோர், ஏர் போன்ற ஐந்தாறு பெரிய சனிக்கிழமைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறார். அவையும் அக்டோபரைத் தாண்டாது என்றே அவரும் நண்பரும் எதிர்பார்க்கிறார்கள்.